பி-பிளாக்கில் ஒரு டைரக்ட் கீசர்

நாச்சாரம் சர்வீஸ் கடைத் தம்பிகளுக்கு,

போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்க மாட்டேன், பயப்பட வேண்டாம். செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே குளியலறைக்குள் போனார். கீசர் மூடியைத் திறந்தார், டெஸ்டர் வைத்தார், "தெர்மோஸ்டாட் போயிடுச்சு அங்கிள்" என்றார். சரியாகத்தான் சொன்னார். கைவசம் வேறு தெர்மோஸ்டாட் இல்லை. அதற்கும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்து அவர் செய்த காரியம்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். ஒரு துண்டு ஒயரை எடுத்து, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, எலிமென்ட்டுக்கு நேராகக் கரண்ட் போகிற மாதிரி மாட்டினார். "இப்போதைக்கு டைரக்ட் கொடுத்திருக்கேன் அங்கிள். பத்து நிமிஷம் கழிச்சு நீங்களே ஆஃப் பண்ணிடுங்க. டெம்பரரிதான்" என்று சொல்லி, போனை நீட்டி ஐந்து நட்சத்திரம் கேட்டார்.

நான் சிரித்தேன். பெரியவருக்கு வேலை பிடித்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். இதே ஹைதராபாத்தில், நீங்கள் பிறப்பதற்கு முன்பே, டைரக்ட் கொடுப்பதில் பெயர் வாங்கிய ஆள் நான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நட்சத்திரம் ஐந்தையும் கொடுத்து அனுப்பிவிட்டு, ஒயரைக் கழற்றி வைத்தேன். புது தெர்மோஸ்டாட் வருகிறவரை அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளித்தேன். இந்தக் கதையை உங்கள் முதலாளியிடம் சொன்னபோது, "அப்படியே எழுதிக் கொடுங்க சார், பசங்க படிக்கட்டும்" என்றார். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது என்று எனக்குத் தெரியும். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் மேசையில் ஒரு கடிதம் இரண்டு நாள் கிடந்ததால் என்ன ஆக இருந்தது என்பதும் இந்தக் கதையில்தான் வருகிறது.

நான் வேலை பார்த்தது ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் குடியிருப்பில், எலக்ட்ரிகல் பராமரிப்புப் பிரிவில். எழுபதுகள். என் அப்பா அரக்கோணத்திலிருந்து வந்து இங்கே ரயில்வே பட்டறையில் சேர்ந்தவர். அதனால் எனக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, விளையாட்டில் உருது. எந்தத் தமிழ் வீட்டில் கம்ப்ளெயின்ட் வந்தாலும் போர்மேன் என்னைத்தான் அனுப்புவார். டிசம்பர், ஜனவரியில் வருகிற கம்ப்ளெயின்ட்டில் பாதி கீசர்தான். மதராஸ் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ஹைதராபாத் குளிர் பெரிய அவமானம். ஊரில் குளிரே தெரியாமல் வளர்ந்தவர்கள் இங்கே வந்து குல்லாய்க்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு, "தண்ணி சுடவே இல்லை" என்று என் மேல் கோபப்படுவார்கள்.

அதில் பல நேரம் கீசரில் கோளாறே இருக்காது. கணக்குப் பிரிவு அதிகாரி ஒருவர் வீட்டில் இரண்டு முறை தெர்மோஸ்டாட் மாற்றினேன். மூன்றாம் முறையும் "எனக்கு மட்டும் பச்சைத் தண்ணிதான் வருது" என்று எழுதியிருந்தார். அந்த 'எனக்கு மட்டும்' என் மண்டையில் ஏற ஒரு வாரம் ஆனது. வீட்டில் ஐந்து பேர். கீசரில் இருக்கிற தண்ணீர் நாலு பேருக்குத்தான் காணும். அதிலும் பெரிய மகளுக்கு இடுப்பு வரை தலைமுடி. அப்பாவுக்கு முன்னால் குளிக்கிறவள் அவள்தான். "சார், நீங்க முதல்ல குளிச்சிடுங்க" என்றேன். அவர் மகளைப் பார்த்தார், மகள் என்னை முறைத்தாள். கம்ப்ளெயின்ட் அதோடு நின்றது. ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன், அந்த வீட்டில் யார் எப்போது குளிக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும், கேளுங்கள்.

இப்படி ஒன்றிரண்டு வெற்றி கிடைத்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அந்த நேரத்தில்தான் பி-பிளாக் பன்னிரண்டாம் நம்பர் வீட்டிலிருந்து கம்ப்ளெயின்ட் வந்தது.

செண்பகம் அக்கா வீடு அது. திருநெல்வேலிக்காரர், அவர் கணவர் டிராயிங் ஆபீஸில் வேலை. "என்ன தம்பி, வென்னி வரவே மாட்டேங்கு" என்று கதவைத் திறந்தார். தெர்மோஸ்டாட் போயிருந்தது. ஸ்டோரில் ஒன்றுகூட இல்லை. பேகம்பேட்டில் இருந்த கொள்முதல் அலுவலகத்துக்குக் கேட்டு எழுதினால் வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் குளிரே போய்விடும். நான் ஒரு துண்டு ஒயர் எடுத்தேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

"அக்கா, தெர்மோஸ்டாட்னா தண்ணி சூடானதும் அதுவே டிக்னு கரண்ட்டை நிறுத்திடும். இப்ப நிறுத்த ஆள் கிடையாது. நீங்கதான் நிறுத்தணும். கால் மணி நேரம், அதுக்கு மேல கூடாது. மறந்தீங்கன்னா கொதிச்சுக்கிட்டே இருக்கும்."

"நான் பாத்துக்கிடுதேன், போங்க" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டது சாதாரணமாக இல்லை. ஒரு அலாரம் கடியாரத்தைக் குளியலறை வாசலில் ஆணியடித்த பலகையில் வைத்தார். கீசரைப் போட்டதும் கால் மணிக்கு அலாரம். அலாரம் அடித்தால் அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வந்து சுவிட்சை அணைப்பார். ஒரு நாளும் தப்பவில்லை. "உங்க தெர்மோஸ்டாட்டை விட என் கடியாரம் மேலு" என்று பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டார்.

வந்தது வினை. டைரக்ட் கீசரில் தண்ணீர் இன்னும் நன்றாகச் சுடும் என்று பேச்சுப் பரவி, நல்ல தெர்மோஸ்டாட் இருக்கிற வீட்டுக்காரர்கள்கூட, "எங்களுக்கும் செண்பகத்துக்குப் போட்ட மாதிரி போட்டுக் கொடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் போகிற வீட்டிலெல்லாம் காபி, முறுக்கு, 'கைராசிக்காரத் தம்பி' என்ற பட்டம். பிளாக்குக்கு ஒன்று, இரண்டு என்று மொத்தம் ஏழு வீடு ஆனது. கம்ப்ளெயின்ட் புத்தகத்தில் ஏழுக்கும் ஒரே வரிதான்: 'சரிசெய்யப்பட்டது'. வீட்டுக்காரர் கையெழுத்தும் பக்கத்தில் இருக்கும். டைரக்ட் என்ற வார்த்தை அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. எழுதினால் போர்மேன் கேள்வி கேட்பார் என்பதால் நான் எழுதவில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வெயில் ஆரம்பித்த பிறகு பேகம்பேட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தெர்மோஸ்டாட் வந்தது. யாரும் கீசர் போடாத காலம். அடுத்த குளிருக்கு முன் மாற்றிவிடலாம் என்று பெட்டியை என் அலமாரியில் வைத்தேன். அடுத்த குளிரும் வந்தது. ஏழு வீட்டிலும் யாரும் புகார் சொல்லவில்லை. புகார் வராத வேலையைச் செய்யும் பழக்கம் எங்கள் பிரிவில் யாருக்கும் இருந்ததில்லை. உங்கள் கடையில் எப்படியோ?

அந்த ஜனவரியில் செண்பகம் அக்காவின் கணவருக்குத் தெற்கே வேறு யூனிட்டுக்கு மாற்றலாகியது. வீட்டை ஒப்படைக்கிற பட்டியலைச் சரிபார்க்க நானே போனேன். மின்விசிறி மூன்று, சரி. டியூப் லைட் நாலு, சரி. கீசர் ஒன்று, 'வேலை செய்கிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா எனக்கு ஒரு பொட்டலம் கருப்பட்டி கொடுத்துவிட்டுப் போனார். அதைத் தின்றுகொண்டே செக்‌ஷனுக்குத் திரும்பினேன். ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு நாள் காலை ஒன்பதரை மணி இருக்கும். கிளார்க் ஒரு போஸ்ட் கார்டை நீட்டினார். "இது உங்க பாஷை மாதிரி இருக்கு. ரெண்டு நாளா மேசையில கெடக்குது, யாருக்குன்னு புரியல" என்று தெலுங்கில் சொன்னார். முகவரி மட்டும் ஆங்கிலத்தில் எலக்ட்ரிகல் செக்‌ஷனுக்கு இருந்தது. மறுபக்கம் தமிழ்.

'கீசர் தம்பிக்கு, நல்லபடியாக வந்து சேர்ந்தோம். சாமான் இன்னும் பிரிக்கவில்லை. கடியாரம் எங்கள் பெட்டியில் வந்துவிட்டது. அது இல்லாமல் அந்தக் கீசர் ஆகாது. புதிதாக வருகிறவர்களிடம் சொன்னீர்களா? சொல்லவில்லையென்றால் உடனே போய்ச் சொல்லுங்கள். செண்பகம்.'

பன்னிரண்டாம் நம்பருக்கு ஆள் வந்தாயிற்றா என்று கிளார்க்கைக் கேட்டேன். வந்து ஐந்து நாளாகிவிட்டதாம். கைக்குழந்தைக்காரர்களாம். "நேத்துக்கூட அந்த வீட்டுக் கம்ப்ளெயின்ட் ஒண்ணு முடிஞ்சுதே" என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். 'கீசரிலிருந்து வெந்நீர் சொட்டுகிறது. பிளம்பர் அடைத்துவிட்டார்.'

தம்பிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் அளவுக்கு மேல் கொதித்தால் அழுத்தம் வெளியேற ஒரு வால்வு இருக்கிறது. அது சொட்டினால், உள்ளே அதிகமாகக் கொதிக்கிறது என்று கீசர் நம்மிடம் சொல்கிறது என்று பொருள். அந்த வாயைத்தான் அடைத்திருந்தார்கள். பிளம்பர் மேல் தப்பில்லை. சொட்டுகிறது என்று சொன்னார்கள், நிறுத்தினார். அந்தக் கீசருக்குத் தெர்மோஸ்டாட் இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் தெற்கே போய்விட்டார். இன்னொருவர் கருப்பட்டி தின்றுகொண்டிருந்தார். அழுத்தம் மீறினால் உருகி வழிவிட இன்னொரு அடைப்பானும் உண்டுதான். ஆனால் அது பழைய கீசர். சைக்கிளை எடுத்துக்கொண்டு பி-பிளாக்குக்குப் பறந்தேன்; அதை நம்பி மெதுவாக மிதிக்க எனக்குத் தைரியம் இல்லை.

பி-பிளாக் கீழே வந்ததும் கால் மாடிப்படிக்குத்தான் ஓடியது. இரண்டு படி ஏறியும்விட்டேன். பிறகு நின்றேன். மேலே போய்க் கதவைத் தட்டி, அந்த வீட்டுக்காரர் வந்து திறந்து, நான் யார் என்று சொல்லி, குளியலறைக்குள் போய், கொதிக்கிற கீசருக்குக் கீழே நின்று சுவிட்சை அணைப்பதா? கீழேயே மீட்டர் போர்டு இருக்கிறது. இறங்கி ஓடினேன். பன்னிரண்டாம் நம்பர் ஃபியூஸைப் பிடுங்கலாம் என்றால், புதிதாகச் சுண்ணாம்பு அடித்தவர்கள் நம்பர் மேலெல்லாம் சேர்த்து அடித்திருந்தார்கள். எது யாருடையது என்று ஒன்றும் தெரியவில்லை. மொத்த பிளாக்கின் மெயின் சுவிட்சையும் இழுத்து இறக்கினேன்.

ஒரு வீட்டு ரேடியோ பாதியில் நின்றது. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. தெலுங்கில், ஹிந்தியில், தமிழில் திட்டு விழுந்தது. நான் முற்றத்தில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். "பன்னெண்டாம் நம்பர் அம்மா! வெந்நீர்க் குழாயைத் திறக்காதீங்க! குழந்தையைத் தூக்கிட்டு வெளியே வாங்க!"

திறந்திருந்தால் தண்ணீரோடு கொதிக்கிற ஆவியும் சேர்ந்து முகத்தில் அடித்திருக்கும்.

இரண்டாவது மாடியிலிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். இடுப்பில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்த குழந்தை. "ஏண்ணா, கரண்ட்டை எடுத்தது நீங்கதானா? கைக்குண்ணா இப்படிக் கத்தறீங்க? புள்ள பயப்படுது!"

"கீழே வாம்மா, சொல்றேன்! உடனே வாம்மா!"

வந்தாள். வசந்தி என்று பெயர். சிகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண்; ஏன் என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று உருது கலந்த பேச்சு. குழந்தையை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். மேலும் கீழும் இருந்த வீட்டுக்காரர்களையும் வெளியே வரச் சொல்லிவிட்டு, எல்லாருமாக வேப்பமரத்தடியில் நின்றோம். கீசர் தானாக ஆறுகிறவரை ஒன்றும் செய்யக் கூடாது. நான் கேட்டேன், "கீசரை எப்பம்மா போட்டீங்க?"

"ஏழரைக்கு. எங்க அண்ணன் வீட்டுக் கீசர்ல சிவப்பு லைட் அணைஞ்சா தண்ணி ரெடி. இங்க அஞ்சு நாளா லைட் அணையவே மாட்டேங்குது. கம்ப்ளெயின்ட் கொடுத்தப்ப ரெண்டையும் சொன்னேன். லைட் எரியறது கோளாறு இல்லைன்னு அந்த கிளார்க் எழுதிக்கவே இல்ல. சரி, சொட்ட ஆரம்பிச்சா தண்ணி சுட்டுடுச்சுன்னு வச்சுக்கிட்டு, அணைச்சுட்டுக் குளிப்பேன். நேத்துதான் சொட்டறதை அடைச்சுட்டாங்களே. அதான் இன்னிக்கு லைட் அணையட்டும்னு காத்திட்டே இருந்தேன். கத்தினீங்க பாருங்க, அப்பதான் போதும்னு குழாயைத் திறக்கப் போனேன்."

இரண்டு மணி நேரம். அடையாளம் சொல்லிக்கொண்டிருந்த எல்லாவற்றின் வாயையும் ஒவ்வொருவராக மூடியிருக்கிறோம். முதலில் தெர்மோஸ்டாட்டை நான் மூடினேன். மற்றவர்கள் அப்புறம்தான்.

"தப்பு என்னோடதுதாம்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், மரத்தடியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. அவள் கேட்டுக்கொண்டே குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அப்ப நீங்க போட்ட கையெழுத்தை நம்பித்தான் நாங்க வந்தோம்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன். சட்டையில் முகத்தைத் துடைப்பதைப் பார்த்து அவளே, "நக்கோண்ணா, அழாதீங்க, புள்ள நல்லாத்தான் இருக்கான்" என்று சமாதானம் சொல்லும்படி ஆனது.

மத்தியானம் கீசர் நன்றாக ஆறிய பிறகு புது வால்வு போட்டு, என் அலமாரியில் ஒரு வருஷமாகத் தூங்கின தெர்மோஸ்டாட்டில் ஒன்றை மாட்டினேன். பழக்கதோஷத்தில் கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினேன். வசந்தி வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துக் குளியலறை வாசலில் போட்டாள். "உக்காருங்க. லைட் அணைஞ்சப்புறம்தான் கையெழுத்து." உட்கார்ந்தேன். டிக் என்று சத்தம் வந்தது, சிவப்பு லைட் அணைந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து ஓய்வு பெறுகிற வரை அந்தச் சத்தம் கேட்காமல் எந்த வீட்டிலிருந்தும் எழுந்ததில்லை. காபிக்காக உட்காருகிறான் என்று சகாக்கள் கேலி செய்தார்கள். காபியையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

போர்மேனிடம் போய் நானே சொன்னேன். அவர் ஹைதராபாத்துக்காரர், சத்தம் போட்டே பழக்கப்பட்டவர். அன்றைக்குச் சத்தம் போடவில்லை. "ஹவ்" என்று, சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, கம்ப்ளெயின்ட் புத்தகத்தையும் சிவப்பு மை பேனாவையும் என் முன்னால் வைத்தார். ஏழு 'சரிசெய்யப்பட்டது' பக்கத்திலும் 'டைரக்ட்' என்று நானே எழுதினேன். மெமோ மறுநாள் வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் செண்பகம் அக்காவுக்கு ஒரு கார்டு எழுதினேன். புது வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டேன், தெர்மோஸ்டாட்டும் மாட்டியாயிற்று, இனிக் கடியாரம் தேவையில்லை, உங்கள் கார்டு ஒரு குழந்தையைக் காப்பாற்றியது என்று கொஞ்சம் உருக்கமாகவே எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அந்த வாரம் இன்னும் மூன்று வீட்டில் மாற்றினேன். மிச்சம் மூன்று வீட்டில், "எங்களுக்கு இதுதான் நல்லாச் சுடுது, கை வைக்காதீங்க" என்று விரட்டினார்கள். அவர்களுக்குத்தான் விஷயம் தெரியுமே, ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். ஆமாம், மறுபடியும்தான். சிரிக்க வேண்டாம்.

பத்து நாளில் பதில் வந்தது. அறுநூறு மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிற மனுஷி. நலம் விசாரிப்பு இல்லை, பாராட்டு இல்லை. கார்டில் ஒரே வரி.

'சரி தம்பி. மத்த ஆறு வீடு?'

மூன்று வீட்டுக்கும் அன்றைக்கே போனேன். வாசலில் நின்று சண்டை போட்டு மாட்டிவிட்டு வந்தேன். கைராசிப் பட்டம் அதோடு போயிற்று, முறுக்கும் போயிற்று.

போன மாதம் என் வீட்டுக்கு வந்த தம்பி, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தால் கேளுங்கள். என் வீட்டு ஒயரை நானே கழற்றிவிட்டேன். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மற்ற வீடுகள்?